காலிக் கோட்டைக்குள் கேட்கும் தமிழ்

காலி எண்டதும் எங்களில் கனபேருக்கு முதலில் ஞாபகம் வாறது கிரிக்கெட் மைதானம். பிறகு, வெள்ளை வெளிச்சவீட்டுக்கு முன்னால் நிண்டு யாரோ எடுத்துப் போட்ட முகப்புத்தகப் படம். அதுக்கு மேல யோசிக்கிறதில்லை. அது தெற்கு, சிங்கள ஊர், எங்களுக்கு அங்க என்ன கிடக்கு எண்டு விட்டுவிடுகிறோம். இந்த நினைப்பு எவ்வளவு பிழை எண்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு பாறை முனை. அதைச் சுற்றி மதில். உள்ளே இன்றைக்கும் ஆக்கள் குடியிருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்து ஒடுங்கிய தெருக்கள், முன்விறாந்தை வைத்த ஓட்டு வீடுகள், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எல்லாம் நடந்து பார்க்கிற தூரத்தில். உலக மரபுரிமைப் பட்டியலில் 1988இல் சேர்த்தபோது இது வெறும் பழைய கோட்டையல்ல, உயிரோடு இருக்கிற ஊர்.

கோட்டைக்கு முன்னாலேயே துறைமுகம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா ‘காலி’யைக் குறிப்பிடுகிறார். இதைவிட முக்கியமானது ஒரு கல். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல்வெட்டில் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. மொழிகள் மூன்று: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தை, தமிழ்ப் பகுதி தெவுந்தரையில் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயனாரை. காணிக்கைகள் மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இது பக்தியா, வியாபாரத் தந்திரமா எண்டு கேட்டால் இரண்டும்தான் எண்டுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று தெளிவு. இந்தக் கரையில் யாரோடு கதைக்க வேண்டுமெண்டாலும் தமிழ் தேவைப்பட்டிருக்கிறது. அதனால்தான் சீனாவிலிருந்து வந்தவன் தமிழில் வெட்டினான்.

அந்தத் தேனவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். காலியில் அவர்கள் கட்டியது பாதிக் கோட்டை. தரைப் பக்கம் மட்டும் மதில், கடல் காவல் காக்கும் எண்டு மற்றப் பக்கத்தைத் திறந்து விட்டார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு அவர்கள்தான் முழுசாகச் சுற்றி மதில் எழுப்பி, 14 கொத்தளங்கள் வைத்து, நிலத்துக்குக் கீழே வாய்க்கால் வெட்டி, கடல் வற்றுப்பெருக்கே ஊரின் கழிவைக் கழுவிக்கொண்டு போகிற மாதிரி செய்தார்கள். பழைய வாசலின் உட்பக்கத்தில் 1669 எண்டு போட்ட கம்பனிச் சின்னம் இருக்கிறது. இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல். காலி எண்ட பெயரை லத்தீனில் சேவலைக் குறிக்கும் சொல்லோடு முடிச்சுப் போட்டதால வந்த சேவல் அது! அதே வாசலின் வெளிப்பக்கத்தில் பிரித்தானியர் தங்கள் சின்னத்தை வைத்தார்கள். 1796இல் அவர்கள் கைக்கு மாறிய இந்த ஊர், கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு கட்டிய பிறகு கப்பல்களை இழந்து தூங்கிப்போனது. அந்தத் தூக்கம்தான் பழைய தெருக்களை இடிபடாமல் காப்பாற்றியது எண்டும் சொல்லலாம்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கிற மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைப் பார்க்கிற வெளியூர் ஆக்கள் தேவாலயம் எண்டு நினைக்கிறார்கள். தோற்றம் அப்படி. அதைச் சுற்றி வாழ்கிற முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ். எங்கட காதுக்குக் கொஞ்சம் வேற மாதிரித் தமிழ்தான், ஆனால் தமிழ். தெற்கு எண்டால் தமிழ் இல்லை எண்டு சொல்கிற நாங்கள் இவர்களை ஏன் கணக்கில் எடுப்பதில்லை? மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மலையகம் எண்டு வரைந்த எங்கட தமிழ் வரைபடத்தில் காலிக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இதில் அவசரம் இருக்கிறது. 2000களுக்குப் பிறகு கோட்டை வீடுகளின் விலை ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டவர்களும் கொழும்புக்காரரும் வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகள் விடுதியும் நகைக்கடையும் ஆயின. விற்றவர்களைக் குறை சொல்ல ஏலாது. மரபுரிமைச் சட்டத்தின்படி ஒரு ஓட்டு வீட்டைத் திருத்துவது லேசான செலவில்லை. ஆனால் ஆக்கள் போய்விட்டால் கோட்டைக்குள் கேட்கிற தமிழும் போய்விடும், மதில் மட்டும் நிற்கும். மதில் உறுதியானது, சந்தேகமில்லை. 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் மைதானமும் சிதைந்தபோது உள்ளே பெரும்பாலும் தப்பியது.

அதே மைதானத்தில்தான் 2010 ஜூலையில் முரளிதரன் தன் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். கோட்டை மதிலில் நிண்டு பார்த்தால் டிக்கெட் தேவையில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கோ, வெயில் தணிந்திருக்கும். கல்வெட்டைத் தேடிக் காலியில் அலைய வேண்டாம். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட அது இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதுக்குக் கீழே பாரசீகம். தமிழ் எழுத்து நல்லாத் தேய்ந்துபோயிருக்கும், கிட்டப் போய்த்தான் பார்க்க வேணும்.