முந்திப் பதிந்தவர் வைத்ததே காலம்: தொலைவிலிருக்கும் நண்பர்களின் வீட்டு இசைப்பதிவு குறித்து

1. பொருளும் எல்லையும்

ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கும் இருவர் காலப்பிரமாணத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் முந்தினால் மற்றவர் இழுத்துப் பிடிப்பார். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தூக்கிக்கொண்டு போவார். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்கள் அவரவர் வீட்டில் ஒருவர் பதிந்ததன் மேல் ஒருவர் பதியும்போது இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இடமே இல்லை. முதலில் பதிபவருக்கு எதிரே ஆளில்லை. அடுத்துப் பதிபவருக்கு எதிரே இருப்பது எதற்கும் அசைந்துகொடுக்காத ஒரு கோப்பு. தொலைவு என்றதும் எல்லோரும் ஒலியின் தாமதத்தைத்தான் பேசுகிறார்கள். அதைவிட ஆழமாக இசையை மாற்றுவது இந்த முன்பின் வரிசை என்பதே இக்கட்டுரையின் வாதம். வரிசையின் பிடியைத் தளர்த்த ஒரே வழி, அனுப்பியவரின் பதிவைப் பெற்றவர் வெட்டி மாற்றலாம் என்ற சலுகை. அந்தச் சலுகையை நண்பருக்குத்தான் எளிதில் கொடுக்க முடிகிறது.

கூலிக்கு வாசித்து அனுப்பும் கலைஞர்களும் திரையிசைக் கூடங்களும் இங்கே பேசுபொருள் அல்ல.

2. ஒன்றன்மேல் ஒன்று

ஒலியின் மேல் ஒலி பதியும் வழக்கம் வீட்டில் வளர்ந்தது. லெஸ் பால் 1948இல் வெளியிட்ட ‘லவர்’ பதிவில் கேட்கும் எட்டு கிட்டார்களும் அவர் ஒருவரே வாசித்தவை. ஹாலிவுட்டில் தம் வீட்டு கராஜில், வட்டுகளின் மேல் வட்டாக வெட்டிச் சேர்த்தார். 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கடையில் கிடைக்கும் சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதிவது எவருக்கும் கைகூடியது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ (1982) ஆல்பம் அந்தக் கருவியில் வீட்டில் பதிவானதுதான்.

ஆனால் கேசட்டை நண்பருக்கு அனுப்பிச் சேர்ந்து வேலை செய்வது பெரும்பாடு. பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். அதைவிடத் தொல்லை சுருதி: இரண்டு கருவிகளின் நாடா வேகம் இம்மி வேறுபட்டாலும், அங்கே சரியாக இருந்த கிட்டார் இங்கே ஏறியோ இறங்கியோ ஒலிக்கும். எண்முறைப் பதிவு வந்த பிறகே இந்த இரண்டும் தீர்ந்தன.

3. சேர்ந்து வாசிக்க முடியாதா?

காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. எட்டரை மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி நம்மிடம் வந்து சேர 25 மில்லிநொடி ஆகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃபும் உடன் பணியாற்றியோரும் இருவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்திக் கைதட்ட வைத்துத் தாமதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தாமதம் 11 மில்லிநொடி அளவில் இருந்தபோது வேகம் நிலையாக நின்றது. அதற்கு மேல் போகப் போகத் தட்டுபவர்கள் தங்களை அறியாமலே தளர்ந்தார்கள். அதற்குக் கீழே போனபோது ஓடத் தொடங்கினார்கள் என்பது எனக்கு அதைவிடச் சுவையான செய்தி. மேடையில் நெருங்கி உட்கார்ந்தால் வேகம் ஏறுவதாகச் சொல்லப்படும் புகாரை இனிக் கலைஞரின் அவசரபுத்தி என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிநொடி. எடுத்துக்காட்டாக, சியாட்டிலுக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் என்பதால் கணக்குப்படி 8 மில்லிநொடிக்குள் போய்விடலாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் டொரன்டோவில் இருக்கும் அவருடைய பள்ளித்தோழரும் சேர்ந்து வாசிக்க நினைத்தால், நடுவே 13,000 கிலோமீட்டருக்கு மேல். இயற்பியல் விதிப்படியே 65 மில்லிநொடிக்குக் குறையாது. கேபிள் சுற்றிப் போகும் வழி, ரூட்டர்கள், இரு வீட்டிலும் உள்ள சவுண்ட் கார்டின் பஃபர் எல்லாம் சேர்ந்தால் தாமதம் எங்கேயோ போய் நிற்கும். ஆலாபனைக்கு இது ஓரளவு தாங்கும். தனி ஆவர்த்தனத்துக்குத் தாங்காது.

சேஃபும் ஹுவான்-பாப்லோ காசெரஸும் உருவாக்கிய ஜாக்டிரிப் மென்பொருள் தாமதத்தைக் குறைக்க முயன்றது. 2005இல் காக்கோஸ் நிறுவனம் வெளியிட்ட நின்ஜாம் எதிர்த்திசையில் போனது. தாமதத்தைக் குறைக்க முடியாதென்றால் கூட்டிவிடுவோம் என்று, ஒவ்வொருவரும் மற்றவரின் முந்தைய ஆவர்த்தனத்தைக் கேட்டபடி வாசிக்கும்படி அமைத்தது. சாமர்த்தியமான ஏற்பாடு, ஆனால் பல்லவி எங்கே திரும்புகிறது என்று ஒருவருக்கொருவர் கண்ஜாடை காட்ட அதில் வழியில்லை. ஆகவே பெரும்பாலான நண்பர்கள் நேரலையை விட்டுவிட்டுக் கோப்பை அனுப்பிக்கொள்ளும் முறைக்கே திரும்புகிறார்கள்.

4. கோப்பு எப்படிப் போகிறது

முதலாமவர் கிளிக்கை, அதாவது காலம் காட்டும் டிக் டிக் ஒலியை, ஓடவிட்டு ஒரு கிட்டாரைப் பதிகிறார். அனுப்பும்போது எல்லா டிராக்கையும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும்படி வெட்டி எடுக்க வேண்டும். பேஸ் கிட்டார் இரண்டாம் சரணத்தில்தான் நுழைகிறது என்றாலும் அந்தக் கோப்பு முழு மௌனத்தோடு முதல் நொடியிலிருந்தே போக வேண்டும். அப்போதுதான் மறுமுனையில் எந்த மென்பொருளில் திறந்தாலும் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும். முன்னால் இரண்டு பார் கிளிக் சேர்த்து அனுப்பினால் பாடுபவருக்கு எடுப்பு பிடிபடும்.

இரண்டாமவர் வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. லேப்டாப்பில் நண்பரின் டிராக் ஓடுகிறது, காதில் ஹெட்ஃபோன், குரல் பதிவாவது மட்டும் போனில். ஒவ்வொரு கருவியும் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்து நொடியை 44,100 கூறுகளாக எண்ணுகிறது. இரண்டு கடிகாரங்களும் ஒன்றல்ல. பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவு வித்தியாசம் இருந்தாலே மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் குரல் 9 மில்லிநொடி நகர்ந்திருக்கும். தொடக்கத்தை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் முடிவு இழுத்தபடியோ முந்தியபடியோ இருப்பதற்கு இதுதான் காரணம். பாடகரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் கேட்டுக்கொண்டு அதிலேயே பதிந்தால் இந்தச் சிக்கல் எழாது. இன்னொரு வில்லங்கம், ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறிவிடும் கிளிக். டிரம் அடிக்கும் பகுதியில் அது மறைந்துகொள்ளும். பாட்டு அடங்கும் கடைசி வரியில் டிக் டிக் என்று தலைநீட்டும்.

இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்குவது கிளிக். அதை ஓடவிட்டவர் முதலில் பதிந்தவர். பாட்டு மூச்சுவிட வேண்டிய இடத்தில் விடுமா விடாதா என்பதை, பாடப்போகிறவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் தீர்மானித்துவிட்டார். குரல் முந்தினால் நிலைமை தலைகீழ். கிளிக் இல்லாமல் ஒருவர் பாடி அனுப்பினால் மற்றவர் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப பார் பாராக டெம்போவை வரைந்துகொள்ள வேண்டும். உழைப்பு அதிகம், ஆகையால் செய்பவர் குறைவு. வீட்டுப் பதிவுகள் பலவும் சீரான நடையில் ஒலிப்பதற்கு ரசனையைவிட இந்தச் சோம்பலே காரணம் என்று நினைக்கிறேன்.

5. அஞ்சலில் போன ஆல்பம்

இவ்வகையில் மிகவும் பேசப்பட்ட சான்று, தி போஸ்டல் சர்வீஸ் என்ற குழுவின் ‘கிவ் அப்’ (2003). பெஞ்சமின் கிப்பர்ட் சியாட்டிலில் இருந்தார். ‘டெத் கேப் ஃபார் க்யூட்டி’ குழுவின் பாடகர். ஜிம்மி டாம்பரெல்லோ லாஸ் ஏஞ்சலிசில் டிண்டெல் என்ற பெயரில் மின்னணு இசை செய்துவந்தார். டிண்டெலின் 2001 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கிப்பர்ட் குரல் கொடுத்திருந்தார். அது இருவருக்கும் பிடித்துப்போகவே ஒரு முழு ஆல்பத்தில் இறங்கினார்கள்.

டாம்பரெல்லோ தாளமும் சின்த்தும் சேர்ந்த இசையை அமைத்து அஞ்சலில் அனுப்புவார். கிப்பர்ட் அதைத் தமக்கு வேண்டியபடி வெட்டி, இடம் மாற்றி, குரலும் பிற வாத்தியங்களும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். குழுவின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. இணையம் இருந்த காலத்தில் அஞ்சல் எதற்கு? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். அக்காலத்துச் சாதாரண மோடம் நொடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் ஏற்றாது. நான்கு நிமிடப் பாட்டின் எட்டு டிராக்கை 24 பிட் தரத்தில் அனுப்ப ஏறத்தாழ 17 மணி நேரம் தொலைபேசி இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, முந்திப் பதிந்தது இயந்திரத் தாளம் என்பது. அதில் மூச்சு இல்லை, தளர்ச்சி இல்லை; யார் வந்து சேர்ந்தாலும் ஒரே நடை. அடுத்து வருபவருக்கு வசதியான அடித்தளம், அதே நேரத்தில் பிடிவாதமான அடித்தளம். ‘சச் கிரேட் ஹைட்ஸ்’ பாட்டில் குரல் நீண்டு மெல்ல நகர்கிறது, அடியிலே சின்த் குறுகுறுவென்று ஓடுகிறது. இந்த எதிர்நிலையை ஓர் அறையில் இருவர் உட்கார்ந்து உண்டாக்கியிருப்பார்களா என்பது சந்தேகம். ஒருவர் மற்றவரை நோக்கிக் கொஞ்சமாவது சாய்ந்திருப்பார்கள். அமைப்பை மட்டும் கிப்பர்ட் விட்டுவைக்கவில்லை. எது பல்லவி, எது எத்தனை முறை வர வேண்டும் என்பதை வெட்டி ஒட்டி அவர் தீர்மானித்தார். முதலாமவர் காலத்தை வைத்தார், இரண்டாமவர் உருவத்தை வைத்தார்.

பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. 2003இல் அமெரிக்க அஞ்சல் துறை, பெயர் தங்கள் வணிகச் சின்னம் என்று நோட்டீஸ் அனுப்பியது. முடிவில் சமரசம் ஏற்பட்டு, துறையே தன் தளத்தில் அந்தக் குறுந்தகட்டை விற்றது. 2012இல் ஆல்பம் அமெரிக்காவில் பிளாட்டினம் தகுதி பெற்றது, அதாவது 10 லட்சம் பிரதிகள்.

6. முகம் பாராமல்

‘தி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்’ குழுவின் ‘கனெக்டெட்’ (2004) இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. வட கரோலினாவில் ராப் பாடகர் ஃபான்டே. நெதர்லாந்தில் இசையமைப்பாளர் நிக்கோலே. நடுவே ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர். ஆல்பம் முடியும்வரை இருவரும் நேரில் சந்திக்கவில்லை. கோப்புகளும் உடனடிச் செய்திகளும்தான். ராப் இசையில் பீட்டை முதலில் வாங்கி அதன்மேல் எழுதுவது முன்பே இருந்த வழக்கம் என்பதால், தொலைவு அவர்களுடைய வேலைமுறையை அவ்வளவாகக் குலைக்கவில்லை. எந்த இசைவகையில் வரிசை ஏற்கெனவே பழகியிருக்கிறதோ அங்கே தொலைவு எளிதாக நுழைகிறது. 2020 பொதுமுடக்கத்தில் ஆரன் டெஸ்னர் இசைக்கோப்பு அனுப்ப டெய்லர் ஸ்விஃப்ட் வரியும் மெட்டும் சேர்த்த ‘ஃபோக்லோர்’ ஆல்பத்திலும் இதே வரிசைதான்.

7. வெட்டும் உரிமையும் பங்கும்

‘கிவ் அப்’ பாட்டுகள் பெரும்பாலும் இருவர் பெயரிலும் இருக்கின்றன. சட்டப்படி பாட்டு ஓர் உரிமை, பதிவு வேறொரு உரிமை. நண்பர்கள் இதை முதல் கோப்பு போகும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தாளம் மட்டும் அனுப்பியவர் பாட்டின் ஆசிரியரா என்ற கேள்வி பணம் வந்த பிறகு எழுந்தால் பதில் கசப்பாகவே வரும்.

அன்றாட அளவில் வெட்டி மாற்றும் உரிமை கோப்பின் தன்மையிலேயே தெரிந்துவிடும். ரிவெர்ப், கம்ப்ரெஷன் எல்லாம் பூசி அனுப்பப்பட்ட குரலை மறுமுனையில் இருப்பவர் எடுக்கலாம், விடலாம், மாற்ற முடியாது. பூசியதை முழுமையாகப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே பழகியவர்கள் ஒரே டேக்கை இரண்டாக அனுப்புகிறார்கள்: ஒன்று எதுவும் சேர்க்காத வெறும் குரல், வெட்டுவதற்கு, இன்னொன்று தாம் மனதில் வைத்திருந்தபடி பூச்சோடு, கேட்பதற்கு மட்டும்.