டோல்கீன் உலகின் கடைசிப் போர்: டூரின் கொல்லப்போவது யாரை?

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களைப் பார்த்துவிட்டு, ஆர்வத்தில் 'சில்மரில்லியன்' புத்தகம் வரை போனவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் குழப்பம் உங்களுக்கும் வந்திருக்கும். அந்த உலகம் எப்படி முடியும் என்று கேட்டால், ரசிகர்கள் 'டாகோர் டாகோராத்' என்ற இறுதிப் போரை விலாவாரியாகச் சொல்வார்கள். புத்தகத்தைத் திறந்தால் அந்தப் போரின் கதையே இருக்காது!

காரணம், டோல்கீன் எழுதிய முன்னறிவிப்பு ஒன்றல்ல.

1937 வாக்கில் எழுதிய பிரதியில், விதியை உரைக்கும் மாண்டோஸ் சொல்வதாக வருகிறது. உலகுக்கு வெளியே துரத்தப்பட்ட மோர்கோத் திரும்பி வருவான். சூரியனையும் சந்திரனையும் அழிப்பான். கடைசியில் டூரின் என்ற மனிதனின் கருப்பு வாள் அவனைக் கொல்லும். காணாமல்போன சில்மரில் மணிகளும் மீட்கப்படும்.

ஏன் டூரின்?

மோர்கோத்தின் சாபம் விழுந்த குடும்பம் அவனுடையது. தெரியாமல் சொந்தத் தங்கையையே மணந்து, உண்மை தெரிந்ததும் தன் வாளிலேயே விழுந்து செத்தவன். அந்தக் கணக்கு தீர வேண்டாமா? முன்னறிவிப்பு தீர்த்துவைக்கிறது.

ஆனால் டோல்கீன் கடைசிக் காலத்தில் எழுதிய ஒரு குறிப்பில் கதை மாறுகிறது. அதைச் சொல்பவர் ஆண்ட்ரெத் என்ற ஞானம் மிக்க பெண்மணி. உறவுமுறையில் டூரினுடைய தாய்வழி எள்ளுத்தாத்தாவின் சகோதரி. டூரின் மீண்டும் வருவான்தான், ஆனால் அவன் வீழ்த்துவது அன்கலகோன் என்ற டிராகனை என்கிறார். சிக்கல் என்னவென்றால், அந்த டிராகனை எயாரெண்டில் ஏற்கெனவே கொன்றாயிற்று.

அச்சில் வந்தது எது?

டோல்கீன் 1973-ல் மறைந்தார். மகன் கிறிஸ்டோபர் 1977-ல் 'சில்மரில்லியனை' வெளியிட்டபோது மாண்டோஸின் முன்னறிவிப்பைச் சேர்க்கவில்லை. உலகின் காயம் ஆறுமா என்பது மாண்டோஸின் தீர்ப்புகளில் சொல்லப்படவில்லை என்றே கதை முடிகிறது. இருந்தாலும் போரின் தடம் அங்கங்கே தெரிகிறது. நூமெனோர் அரசன் ஆர்-ஃபாரசோன் இறுதிப் போர் வரை குகைகளில் சிறைப்பட்டிருக்கிறான். போருக்குப் பின் உலகைத் திரும்பக் கட்ட உதவுவோம் என்பது குள்ளர்களின் நம்பிக்கை. (ஸ்காண்டிநேவியப் புராணத்தின் 'ரக்னரோக்' சாயல் இந்தப் போரில் உண்டு என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.)

சரி, அப்போ எதை எடுத்துக்கொள்வது? யார் சொன்னது என்று பாருங்கள். மாண்டோஸ் சொல்லவில்லை என்றுதான் அச்சுப் புத்தகம் சொல்கிறது. ஆண்ட்ரெத் சொன்னது மனிதர்களின் வாக்கு. அதோடு அந்த வரி மோதவில்லை. டிராகன் செத்துவிட்டதே என்றால், டூரினும் செத்தவன்தான். அவன் எழுந்து வரலாம் என்றால் அதுவும் வரலாம்.

என்னைக் கேட்டால் இதுவே பொருத்தமான வழி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இந்த வழியில் போனால், தன் குடும்பத்தைச் சபித்தவனை டூரின் கொல்வதாக எந்த வாக்கும் மிஞ்சாது.