லினக்ஸ் உட்கருவில் பழைய வாயில்கள் அடைபட்ட வரலாறு

வரலாறு எனின் அரசர் ஆட்சியும் போரும் உடன்படிக்கையுமே என்று கருதும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. நிலவரியின் வரலாற்றையும் அச்சுப்பொறியின் வரலாற்றையும் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்ட கல்விமான்கள், கணினியை இயக்கும் மென்பொருளின் வரலாற்றை மட்டும் அத்துறையினர்க்கே விட்டுவைத்துள்ளனர். ஆயின் அதற்கும் ஆண்டுகள் உள, சான்றுகள் உள, வழக்காடியோரும் உளர். மன்னர் அவைகளில் நிகழ்ந்த வாதங்களிற் பெரும்பகுதி அழிந்தொழிந்தது. லினக்ஸ் உட்கருவை ஆக்கியோரின் வாதங்களோ நாளும் நாழிகையும் குறிக்கப்பட்டு எழுத்தில் நிற்கின்றன. வரலாற்று மாணாக்கனுக்கு இதனினும் வாய்ப்பான களம் கிடைத்தல் அரிது. வன்பொருளை நேரே தொடுதற்கெனப் பண்டு திறந்துவைக்கப்பட்ட வாயில்கள் அவ்வுட்கருவில் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்ட செய்தியை ஈண்டு ஆராய்வாம்.

பணிசெயல் முறைமையின் நடுநாயகமாய் விளங்குவது கேர்னல் என வழங்கும் உட்கரு. நினைவகத்தைப் பகிர்ந்தளிப்பதும், தட்டுக்களையும் திரையையும் வலைப்பின்னல் அட்டையையும் ஆள்வதும், ஒரு செய்நிரல் மற்றொன்றின் எல்லைக்குட் புகாது காப்பதும் அதன் தொழில்களாம். ஏனைய செய்நிரல்கள் யாவும் அதனிடம் வேண்டிப் பெறுதலே முறை. கச்சேரிக்கு வந்த குடியானவன் உறுதி நகலை எழுதுவினைஞரிடம் கேட்டுப் பெறுவானன்றிப் பதிவேட்டறைக்குள் தானே நுழையான். இம்முறை இன்று வெளிப்படை. ஆயின் தொடக்கத்தில் அறைக்கதவு திறந்தே கிடந்தது.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் தெனிஸ் றிச்சியும் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். கருவிகள் யாவற்றையும் கோப்புக்கள் போலவே படிக்கவும் எழுதவும் விடுதல் அதன் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று. அக்கருத்தை நினைவகத்துக்கும் நீட்டினர். மெம் என்னும் கோப்பு கணினியின் நினைவகம் முழுவதையும் காட்டியது. கேமெம் என்னும் கோப்பு உட்கரு தான் காணும் நினைவகத்தை அவ்வாறே காட்டியது. 1975 ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் இவ்விரண்டும் அருகருகே இடம்பெற்றன. படித்தற்கு மட்டுமன்றி, ஓடிக்கொண்டிருக்கும் முறைமையைத் திருத்தி எழுதுதற்கும் அவை உதவின. ஒரு கூடத்தில் ஒருவரையொருவர் அறிந்த சிலரே ஒரு கணினியைப் பயன்படுத்திய காலம் அது. ஆதலின் அதனை அறியாமை எனப் பழித்தல் பொருந்தாது. அக்காலத்தில் எச்செய்நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியலிடும் பி.எஸ். என்னும் எளிய கட்டளைதானும், உட்கருவின் நினைவகத்தைத் துருவியே தன் விடையைப் பெற்றது. 1984 ஆம் ஆண்டில் தொம் கில்லியன் ஓடும் செய்நிரல்களைக் கோப்புக்களாகக் காட்டும் புதுவழியை யூனிக்சின் எட்டாம் பதிப்பில் அமைத்த பின்னரே அத்துருவலுக்கு மாற்று உண்டாயிற்று.

லினக்சின் கதை பிற்பட்டது. எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினசு தோர்வால்ட்சு 1991 சனவரியில் இன்டெல் 386 முறைவழியாக்கி கொண்ட கணினியொன்றை வாங்கினார். அதே ஆண்டு ஓகத்து 25 இல் தாம் எழுதிவரும் முறைமையைப் பற்றி அறிவித்தார். யூனிக்சின் வழக்கங்களை ஏற்ற அம்முறைமை மெம், கேமெம் ஆகிய இரண்டையும் கூடவே ஏற்றது. இன்டெல் குடும்பத்துக்கே உரிய மற்றொரு வாயிலும் அதனிடம் இருந்தது. அம்முறைவழியாக்கிகளில் நினைவகத்துக்கு வேறாக 65,536 துறைகள் உள. விசைப்பலகையும் தட்டும் திரையட்டையும் இத்துறைகள் வழியாகவே கட்டளை பெற்றன. சாதாரண செய்நிரல் துறைகளைத் தொடுதல் ஆகாது. ஆயின் முதன்மைப் பயனர் இசைந்தால் அயோபேர்ம் என்னும் அழைப்பினாற் குறித்த சில துறைகளையும், அயோபிஎல் என்னும் அழைப்பினால் எல்லாத் துறைகளையும் அதற்குத் திறந்துவிடலாம்.

இவற்றால் யாது தீங்கு எனின், இரண்டு நிகழ்ச்சிகளை விரிவாகக் கூறுதல் வேண்டும்.

முதலாவது, 2003 நவம்பரில் டெபியன் திட்டத்தின் சேவைக் கணினிகளுக்கு நேர்ந்தது. டெபியன் என்பது உலகெங்கும் தன்னார்வலர் கூடி ஆக்கும் லினக்ஸ் தொகுப்பு. நவம்பர் 20 மாலை அதன் கணினிகளுள் ஒன்றில் உட்கரு பலமுறை தடுமாறியதை மேற்பார்வையாளர் கண்டனர். வன்பொருட் பழுது என்றே முதலிற் கருதினர். ஆயின் இரண்டாவது கணினியொன்றும் அதே வேளையில் அதே வகையாகத் தடுமாறவே, ஐயம் பிறந்தது. ஆராய்ந்தபோது, ஆக்குநர் ஒருவரின் களவாடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு அயலான் ஒருவன் உட்புகுந்தமையும், உட்கருவிலிருந்த பிழையொன்றினால் முதன்மைப் பயனரின் அதிகாரத்தைப் பெற்றமையும், பின் சக்கிட் என்னும் மறைகருவியை நிறுவியமையும் வெளிப்பட்டன. அச்சக்கிட்டின் வழி நம் ஆராய்ச்சிக்கு உரியது. அது கேமெம் கோப்பைத் திறந்து, உட்கருவின் நினைவகத்திலே தன் கட்டளைகளை எழுதி, தன் கோப்புக்களையும் செய்நிரல்களையும் பிறர் காணாதபடி மறைத்தது. இம்முறையை விளக்கும் கட்டுரை 2001 ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. காவலனை ஏமாற்றுதல் ஒன்று. காவலனின் மூளைக்குட் புகுந்து அவன் காண்பதையே மாற்றுதல் வேறொன்று. பின்னதற்கு வாயிலாக நின்றது பழைய யூனிக்ஸ் நண்பர்கள் தம் வசதிக்கெனத் திறந்துவைத்த கோப்பேயாம். டெபியனின் மென்பொருட் களஞ்சியம் கெடாது தப்பியது பெரும் பேறு.

இரண்டாவது 2006 ஆம் ஆண்டினது. அக்காலத்தில் திரையை வரையும் எக்ஸ் சேவையகம் உட்கருவுக்குப் புறம்பான செய்நிரலாக இருந்தும், முதன்மைப் பயனரின் அதிகாரத்துடன் திரையட்டையின் துறைகளையும் நினைவகத்தையும் தானே தொட்டது. காவலிற் சிறந்ததெனப் பெயர்பெற்ற ஓப்பன்பிஎஸ்டி முறைமையும் எக்சின் பொருட்டு இதற்கு இடங்கொடுத்திருந்தது. பிரான்சு நாட்டவரான லொயிக் டூப்லோ இவ்வழியின் ஆபத்தை அவ்வாண்டில் நிறுவிக் காட்டினார். இன்டெல் முறைவழியாக்கிகளில் உட்கருவும் அறியாத ஓர் ஆட்சி நிலை உண்டு. அதன் நினைவகம் பழைய திரை நினைவகத்தின் முகவரியிலேயே ஒளிந்து கிடக்கின்றது. துறைகளைத் தொடும் உரிமை பெற்றவன் இணைப்புச் சில்லின் ஒரு குறியை மாற்றி, அவ்வொளிவிடத்தைத் திறந்து, தன் கட்டளைகளை அங்கே வைத்துவிடலாம். அதன்பின் முதன்மைப் பயனராலும் மாற்றலாகாதென உட்கரு விதித்த கட்டுப்பாடுகள் பயனற்றனவாம். துறைகளையும் அத்திரை முகவரியையும் திறந்துவிடுதல் உட்கருவையே ஒப்படைத்தலாகும் என்பது இதனாற் பெறப்பட்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறுவாம். 2008 செத்தெம்பரில் லினக்ஸ் 2.6.27 இன் முன்னோட்டப் பதிப்புக்களைச் சோதித்தோர் சிலரின் இன்டெல் வலைப்பின்னல் அட்டைகள், தம் நிலைநினைவகம் மேலெழுதப்பட்டமையாற் பயனற்றுப் போயின. வன்பொருளைத் தானே தொடும் எக்ஸ் மீது உடனே ஐயம் எழுந்தது. எக்ஸ் குற்றமற்றது, உட்கருவின் செயல்களைத் தடங்காணும் எப்ரேசு என்னும் பகுதியே தவறான முகவரியில் எழுதியது என்பது அடுத்த மாதமே தெளிந்தது. முன்னரே கெட்ட பெயர் எடுத்தவன்மேற் பழிசுமத்தல் எளிது. வரலாறு எழுதுவோர்க்கும் இது பொருந்தும்.

வாயில்கள் எவ்வாறு அடைபட்டன எனின், ஒருநாளில் அன்று. 2008 ஆம் ஆண்டில் மெம் கோப்பின் வழியே கருவிகளின் முகவரிகளை மட்டும் தொடவிட்டு, நினைவகத்தின் ஏனைய பகுதிகளை மறைக்கும் தெரிவு உட்கருவில் இடம்பெற்றது. 2009 மார்ச்சில் வெளிவந்த 2.6.29 ஆம் பதிப்பில் திரையின் அளவையும் நிலையையும் அமைக்கும் பணியை உட்கருவே ஏற்றது. முதலில் இன்டெல் திரையட்டைகளுக்கும் பின் பிறவற்றுக்கும் இது பரவவே, எக்ஸ் சேவையகம் துறைகளைத் தொடவேண்டிய தேவை மெல்லக் குன்றியது. இதனை நான் முதன்மையாகக் கருதுகிறேன். மாற்றுவழி அமைத்த பின்னரே பழைய வழியை அடைத்தல் கூடும். பி.எஸ். கட்டளைக்குப் புதுவழி வந்தபின் கேமெம் தேவையற்றதானது போன்றதே இதுவும்.

கேமெம்மின் முடிவு நெடிது நீண்டது. அதனால் யாருக்குப் பயன் என்னும் கேள்வி 2005 ஆம் ஆண்டிலேயே ஆக்குநரிடை எழுந்தது. பெருந்தொகுப்புக்கள் பலவும் தத்தம் வெளியீடுகளில் அதனை அடைத்துவிட்டன. எனினும் உட்கருவின் மூலத்தில் அது 2021 வரை நிலைத்தது. அவ்வாண்டு றெட் ஹட் நிறுவனத்தின் டேவிட் கில்டன்பிராண்ட் அதனை நீக்க, யூன் 27 இல் வெளிவந்த 5.13 ஆம் பதிப்பு கேமெம் இன்றியே வந்தது. கள்வர் புகும் வழி என்று எல்லாரும் அறிந்த ஒன்று பதினாறு ஆண்டுகள் நின்றது ஏன்? சோம்பல் ஒரு காரணமாகலாம். அதனினும் வலிய காரணம் தோர்வால்ட்சு வற்புறுத்திவந்த விதியாகும்: பயனரின் செய்நிரலை உட்கருவின் மாற்றம் கெடுத்தல் ஆகாது. உலகில் எங்கோ ஒருவர் பயன்படுத்துவாராயின் நீக்கற்க என்னும் இவ்விதி, ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று நிறுவும் பாரத்தை நீக்க முயல்வோர்மீது சுமத்துகின்றது. இல்லாமையை நிறுவுதல் எவ்வளவு கடினம் என்பதைத் தருக்கம் பயின்றோர் அறிவர்.

துறைகளைப் பொறுத்தவரை வேறொரு வகையான தீர்ப்பு வழங்கப்பட்டது. அயோபிஎல் அழைப்பு துறைகளைத் திறந்ததோடு நில்லாது, வன்பொருளின் இடையீடுகளைத் தடுத்துவைக்கும் உரிமையையும் செய்நிரலுக்குத் தந்துவிட்டது. இடையீடு நின்றால் உட்கருவின் கடிகாரமும் ஒழுங்கும் நிலைகுலையும். தோமசு கிளைக்சினர் 2019 இல் இதனைத் திருத்தினார். 2020 சனவரியில் வெளிவந்த 5.5 ஆம் பதிப்பு முதலாக அவ்வழைப்பு துறைகளை மட்டுமே திறக்கும். இடையீட்டின்மேல் அதற்கு ஆட்சியில்லை. பெயர் நின்றது, அதிகாரம் குறைந்தது. முடியாட்சி நாடுகள் சிலவற்றின் அரசியலமைப்பு வரலாறு கற்றோர்க்கு இம்முறை புதிதன்று.

இவ்வளவில், அடைத்தல் யாவும் நன்றே என்று முடிவுசெய்தற்கில்லை. 2019 நவம்பரில் வெளிவந்த 5.4 ஆம் பதிப்பு பூட்டுநிலை ஒன்றை ஏற்றது. மத்தியூ காரெட் முதலியோர் பலவாண்டு முயன்று கொணர்ந்த இந்நிலையில், மெம், கேமெம், துறைகள் என நாம் மேற்கண்ட வாயில்கள் யாவும் முதன்மைப் பயனருக்குந்தாமே அடைபடும். பயனருக்குந்தாமே என்பதைக் கவனிக்க. கணினியைத் தம் பொருள் கொடுத்து வாங்கியவர் அதன் நினைவகத்தைத் தொட இயலாமை காவலா, பறிப்பா? கணினி தொடங்கும்போதே ஒப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் ஏற்பாட்டோடு பூட்டுநிலையைத் தானாகவே பிணைத்தல் தகாது என்று 2018 இல் தோர்வால்ட்சு கடிந்து வாதிட்டார். முடிவில், வேண்டுவோர் தெரிந்துகொள்ளும் ஒன்றாகவே அது அமைந்தது. அம்முடிவு சரியானது என்பதே என் கருத்து. கேமெம்மை நீக்குதல் ஒருவருக்கும் உதவாத வாயிலை அடைத்தல். பூட்டுநிலையோ உடைமையாளனின் கையையும் கட்டக்கூடியது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

நீக்கப்பட்டவை வாயில்கள் மாத்திரம் அல்ல. பழைய வன்பொருள்களும் உடன்சென்றன. 386 முறைவழியாக்கி உட்கரு எழுதும்போது பக்கங்களின் எழுத்துத் தடையை மதியாது. 1989 இல் வந்த 486 இலேயே அக்குறை தீர்ந்தது. அவ்வொன்றின் பொருட்டு உட்கருவிற் பல இடங்களிலே தனிச் சோதனைகள் வைக்கவேண்டியிருந்தன. 2012 திசெம்பரில் இங்கோ மொல்னார் 386 இற்கான ஆதரவை நீக்கும் திருத்தங்களை அனுப்பியபோது, 1991 இல் தோர்வால்ட்சு வாங்கிய அந்த முதற் கணினி இனிப் புதிய லினக்சை ஏற்காது என்று இரக்கம் தோன்ற எழுதினார். தமக்கு அவ்வகை உருக்கம் இல்லை என்று கூறித் தோர்வால்ட்சு உடனே ஏற்றுக்கொண்டார். 2013 பெப்ரவரியில் வந்த 3.8 ஆம் பதிப்பு, தான் பிறந்த முறைவழியாக்கியையே கைவிட்ட பதிப்பாகும். 2021 இல் பழைய ஐடிஈ தட்டுப் பகுதியும், 2023 இல் மற்றொக்சு, திரீடிஎப்எக்சு, சிஸ் முதலிய பழைய திரையட்டைகளின் வரைதுணைப் பகுதிகளும் சென்றன. 486 இற்கான ஆதரவையும் நீக்கலாம் என்று அதே மொல்னார் 2025 இல் முன்மொழிந்தார்.

இந்நீக்கங்களின் விலையைக் கொடுப்போர் பழைய கணினியன்றி வேறில்லாதோர். அவர்க்குப் பழைய பதிப்புக்கள் அழிந்துவிடவில்லை. மூலம் எவர்க்கும் கிடைக்கும். ஆயின் அப்பதிப்புக்களுக்குப் பிழைதிருத்தம் வருவதில்லை. வறிய கூடமொன்றிற் பழைய பொறிகளைக் கட்டிக்காக்கும் ஆசிரியருக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

மெம் கோப்பு இன்னும் உளது, குறுக்கப்பட்ட நிலையில். அயோபேர்மும் அயோபிஎல்லும் இன்னும் உள; தாய்ப்பலகையின் தொடக்க மென்பொருளைப் புதுப்பிக்கும் பிளாஷ்றொம் போன்ற சில கருவிகள் அவற்றை அழைக்கின்றன.