ஹொக்கைடோ நாய்: பெயர் மாறிய கதை

ஜப்பான் நாய் என்றதும் நம்மில் பலருக்கு ஹச்சிகோதான் ஞாபகம் வரும். போன மாதம் ஹாஸ்டலில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு கண் கலங்காதவர்கள் குறைவு. படம் முடிந்ததும் ஒரு நண்பன், "வேலைக்குப் போனதும் இந்த மாதிரி ஒரு ஜப்பான் நாய் வளர்ப்பேன்டா" என்றான். அவனுக்காகப் படிக்க ஆரம்பித்தேன். நாயைத் தேடிப் போன நான், ஒரு மக்களின் வரலாற்றில் போய் நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹச்சிகோ அகிதா வகை, பெரிய நாய். இணையத்தில் கேலிப் படங்களில் வரும் ஷிபா, சிறிய நாய். இரண்டுக்கும் நடுவில் நான்கு நடுத்தர வகைகள் உண்டு: காய், கிஷு, ஷிகோகு, ஹொக்கைடோ. நான் சொல்லப்போவது ஹொக்கைடோ நாயைப் பற்றி. தோள் உயரம் சுமார் 50 செ.மீ. நிமிர்ந்த முக்கோணக் காது, சுருண்ட வால், பனியைத் தாங்கும் இரண்டு அடுக்கு ரோமம். ஜப்பானில் 2007 முதல் சாப்ட்பேங்க் செல்போன் விளம்பரங்களில் குடும்பத்தின் 'அப்பா'வாக வந்து புகழ் பெற்றதே ஒரு வெள்ளை நாய், அது இந்த வகைதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்த நாய்க்கு முன்பு வேறு பெயர் இருந்தது: ஐனு நாய். ஜப்பானின் வடக்குத் தீவில் காலம் காலமாக வாழ்ந்த பழங்குடி மக்கள் ஐனு. அவர்கள் மொழியில் நாய்க்கு 'செதா' என்று பெயர். காட்டில் கரடியை மோப்பம் பிடித்து, குரைத்து, அது நகராதபடி மறித்து நிற்பது நாயின் வேலை. வேடன் வந்து விஷம் தோய்த்த அம்பை எய்வான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய கரடியின் முன்னால் பின்வாங்காமல் நிற்கும் குணம் இப்படித்தான் அதற்கு வந்தது.

அந்தத் தீவுக்கும் முன்பு வேறு பெயர்தான். ஜப்பானியர்கள் அதை 'எஸோ' என்றார்கள். 1869-ல் மெய்ஜி அரசு அதை 'ஹொக்கைடோ' என்று மாற்றி, குடியேற்றத்தைத் தொடங்கியது. 1871-ல் ஐனு பெண்கள் பச்சை குத்திக்கொள்வதற்குத் தடை வந்தது. 1876-ல் விஷ அம்புக்குத் தடை. ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கவும் கட்டுப்பாடுகள். மக்களுக்கு ஜப்பானியப் பெயர்கள் வைக்கப்பட்டன. 1899-ல் 'பாதுகாப்புச் சட்டம்' என்ற பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 5 ஹெக்டேர் வரை நிலம் கொடுத்து, வேட்டைக்காரர்களை விவசாயிகளாக்கப் பார்த்தார்கள். வேட்டை போனால் வேட்டை நாய்க்கு என்ன வேலை?

ஆனால் தேவைப்பட்டபோது மட்டும் அரசுக்கு அவர்கள் ஞாபகம் வந்தது. 1902 ஜனவரியில் ஹக்கோடா மலையில் பனிப்புயலில் சிக்கி 210 படைவீரர்களில் 199 பேர் இறந்துபோனார்கள். பனியில் புதைந்தவர்களைத் தேட ஹொக்கைடோவிலிருந்து ஐனு மக்களும் அவர்களுடைய நாய்களும் வரவழைக்கப்பட்டார்கள்.

அடுத்த கட்டம் 1928. மேல்நாட்டு நாய்களோடு கலந்து உள்ளூர் வகைகள் அழிந்துவருவதைப் பார்த்த சைட்டோ ஹிரோகிச்சி என்பவர், ஜப்பானிய நாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார். 1932-ல் ஹச்சிகோவைப் பத்திரிகை மூலம் நாட்டுக்குத் தெரியப்படுத்தியவரும் இவர்தான். அரசும் 1931-ல் அகிதாவில் தொடங்கி ஒவ்வொரு வகையாக 'இயற்கை நினைவுச் சின்னம்' என்று அறிவித்தது. கடைசியாக, 1937 டிசம்பரில் ஐனு நாயின் முறை வந்தது. அப்போது வைத்த அதிகாரப்பூர்வப் பெயர்தான் 'ஹொக்கைடோ நாய்'.

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அறிவிப்பு இல்லாவிட்டால் இந்த நாய் இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே. அதற்காக சைட்டோவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நாயைப் பொக்கிஷமாகப் பாதுகாத்த அதே அரசு, அதை வளர்த்த மக்களின் மொழியையும் வழக்கங்களையும் அழியவிட்டது. 1899 சட்டம் நீங்கியது 1997-ல்தான். ஐனு மக்கள் பழங்குடிகள் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது 2019-ல். நாய்க்குக் கிடைத்த அங்கீகாரம் மனிதர்களுக்குக் கிடைக்க இன்னும் 82 வருடம் ஆனது!

இப்போது என் நண்பனுக்கு. இந்த நாய் வீட்டாரிடம் உயிரையே வைக்கும், அந்நியர்களை எளிதில் நம்பாது. கரடியை மறித்த நாய்க்குத் தினமும் நீண்ட நடை வேண்டும், சின்ன வயதிலிருந்தே பொறுமையான பழக்கம் வேண்டும். கோலி நாய்களுக்கு வரும் ஒரு பரம்பரைக் கண் குறைபாடு இதற்கும் உண்டு, குட்டியிலேயே பரிசோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது பனிநாட்டு நாய். நம் ஊர் மே மாத வெயிலில், மாடி வீட்டில் அதைக் கட்டிப்போடுவது பாசம் அல்ல, தண்டனை.

ஆகவே நண்பா, ஆசையை மனசோடு வைத்துக்கொள். ஜப்பானில் இன்றும் சிலர் அதை 'ஐனு நாய்' என்றே கூப்பிடுகிறார்களாம். நாமும் அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருப்போம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.