சிறைக்குள் ஒரு கடைசிப் படுக்கை

ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருடம்? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான். சாகும் வரை!

முன்பு அப்படி இல்லை. நன்னடத்தையோடு பத்தரை வருடம் கழித்தால் ஆயுள் கைதிகள் வெளியே வர வழி இருந்தது. 1970களில் சட்டம் படிப்படியாக இறுகியது. 1979ல் ஆயுள் தண்டனை என்றாலே பரோல் கிடையாது என்றாகி விட்டது.

இந்தக் கைதிகளில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் அங்கோலா சிறை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் 18,000 ஏக்கர். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்துப் பயிர் செய்த பண்ணை அது. இளைஞர்களாக உள்ளே போனவர்கள் அங்கேயே கிழவர்கள் ஆனார்கள். புற்றுநோயும் கல்லீரல் நோயும் வந்தன. சிறை மருத்துவமனையில் தனியாகச் செத்தார்கள். பலருடைய உடலைக் கேட்டு வரக்கூட யாரும் இல்லை. சிறையின் சொந்தக் கல்லறையிலேயே புதைத்தார்கள்.

இனிக் குணமாகாது என்று தெரிந்த நோயாளிக்கு வலியைத் தணித்து, கடைசி நாட்களை அமைதியாக்குவதுதான் ஹாஸ்பிஸ். 1967ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய மருத்துவமனையில் இருந்து இது உலகெங்கும் பரவியது. ஆனால் சிறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசியல் சட்டம் தடை செய்த கொடூர தண்டனை என்று 1976ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1987ல் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு சிறை மருத்துவமனையில் ஹாஸ்பிஸ் தொடங்கியது. எய்ட்ஸ் பரவிய காலம் என்பதால் மற்ற சிறைகளிலும் தேவை கூடியது.

அங்கோலாவில் 1998ல் தொடங்கினார்கள். அங்கே பணிவிடை செய்பவர்கள் யார் தெரியுமா? சக கைதிகள்! அவர்களில் கொலைக் குற்றத்துக்காக வந்தவர்களும் உண்டு. பயிற்சி பெற்று, நோயாளியைக் குளிப்பாட்டுகிறார்கள், சோறு ஊட்டுகிறார்கள், மலஜலம் துடைக்கிறார்கள். மரணம் நெருங்கி விட்டால் இரவு பகலாக முறை வைத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். யாரும் தனியாகச் சாகக் கூடாது என்பதுதான் அங்கே முக்கியமான விதி. செலவுக்காக ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து விற்றார்கள். சவப்பெட்டியையும் கைதிகளே மரத்தில் செய்கிறார்கள். குதிரை வண்டியில் ஊர்வலமாகக் கொண்டு போய் அடக்கம் செய்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற போதகர் பில்லி கிரஹாம் 2018ல் அடக்கமானதும் இந்தச் சிறையில் செய்த பெட்டியில்தான்.

இதைப் படிக்கும்போது மனம் நெகிழத்தான் செய்யும். ஆனால் அதோடு நிறுத்தி விடக் கூடாது. எழுந்து நடக்கவும் முடியாத ஒரு கிழவரிடம் இருந்து யாரைக் காப்பாற்ற அந்த மதில் நிற்கிறது? வீட்டுக்கு அனுப்ப மனம் வராத சட்டம்தான் சிறைக்குள் ஹாஸ்பிஸ் தேவைப்படும் நிலையை உண்டாக்கியது. அந்தச் சட்டம் விட்டுப்போன இரக்கத்தைக் கைதிகள் ஈடு செய்கிறார்கள்.

பணிவிடை செய்பவரும் பெரும்பாலும் ஆயுள் கைதிதான். இன்று அவர் விரிப்பை மாற்றிப் போடும் அதே படுக்கை, ஒருநாள் அவருக்கும் காத்திருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.