ஆசான் வழி: வர்மக்கலை மரபும் சீனத்து அகமுறைப் போர்க்கலை மரபும்

1. முன்னுரை

தென்பாண்டி நாட்டின் மேற்றிசை எல்லையாய் நிற்கும் மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்த பாளையங்களுள் சிவகிரியும் ஒன்று. அதன் தெற்கே, குற்றாலத்தையும் கடந்து, அகத்தியர் உறைவிடம் எனப் போற்றப்படும் பொதியமலை உள்ளது. அம்மலையைச் சூழ்ந்த பகுதியிலும் குமரி நாட்டிலும் பயிலப்படும் வர்மக்கலை, தன் முதலாசானாக அகத்தியரையே கூறும். இக்கூற்றை வரலாறாகக் கொள்ளலாமா, கொள்ளலாகாதெனின் ஆசான் மரபை எங்ஙனம் ஆராய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். சீனத்து அகமுறைப் போர்க்கலையைப் பற்றியும் இவ்வினா எழுந்து, அந்நாட்டு அறிஞரால் ஆராயப்பட்டுள்ளமையின், அதனை ஒப்புமைக்குக் கொள்கின்றோம்.

2. வர்ம நூல்களும் அகத்தியரும்

உடலில் உயிர்நிலை தங்கும் இடங்கள் 108 என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் வர்ம நூல்கள் வகுக்கும். சுசுருத சங்கிதை கூறும் மருமங்கள் 107. அறுவை மருத்துவன் ஊறுபடாது காக்க வேண்டிய இடங்களாக அந்நூல் அவற்றை நோக்கும். தமிழ் மரபோ அவற்றைத் தாக்குதற்குரிய இடங்களாகவும் கண்டு, தாக்குண்டாரை மீட்கும் அடங்கல், இளக்குமுறை ஆகியவற்றையும் உடன் கற்பிக்கும். அடிக்கும் கையே ஆற்றும் கையாதலின், ஆசான் மாணாக்கனின் இயல்பைப் பல்லாண்டு தேர்ந்த பின்னரே உட்பொருளை உணர்த்துவார் என்பது மரபு.

இந்நூல்களுட் பல அகத்தியர் பெயரால் வழங்குவன. அவற்றுள் ஒன்று 'வர்ம பீரங்கி'. பீரங்கி என்னும் சொல் பரங்கியர் வருகையொடு தொடர்புடையது. 16-ஆம் நூற்றாண்டிற்கு முன் அது தமிழில் வழங்கியதாகக் கொள்ள இடமில்லை. நூற்பெயர் பிற்காலத்தார் இட்டது எனின், நூலின் நடையும் பழமைக்குத் துணைசெய்யவில்லை என்க. ஆகவே சங்ககாலத்திற்கும் முற்பட்டவராகக் கூறப்படும் அகத்தியர்க்கும் இந்நூல்களை யாத்தோர்க்கும் இடையே நெடுங்கால இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் வாழ்ந்த ஆசான்மார் தம் பெயரை நிறுத்தாது முனிவர் பெயரை நிறுத்தினர். நூலுக்குப் பெருமை தேடுதலும், தகாதார் கையிற் சேராமற் காத்தலும் இதற்குக் காரணமாகலாம் என்பது எம் கருத்து.

3. சீனத்துச் சான்று

சீனத்தில் 'அகமுறை' என்னும் போர்க்கலைப் பிரிவைக் குறிக்கும் முதற்சான்று, ஹுவாங் சோங்சி என்னும் பேரறிஞர் 1669-இல் வாங் செங்நான் என்பார்க்கு எழுதிய கல்லறைக் குறிப்பாகும். ஷாவ்லின் மடத்துப் போர்முறை புறமுறை என்றும், சாங் சான்பெங் என்னும் தாவோ நெறித் துறவி தோற்றுவித்ததே அகமுறை என்றும் அது கூறும். அத்துறவி கனவில் ஒரு தெய்வத்திடம் கலையைக் கற்றார் என்னும் செய்தியும் அதன்கண் உண்டு. எனவே முனிவர் தலைமை கொள்ளும் மரபு நமக்கே உரியதன்று.

ஆயின் அக்குறிப்பு அத்துறவியொடு நின்றுவிடவில்லை. வாங் செங்நானின் ஆசான் ஷான் சீநான் என்றும், அவர் கலையை எளிதிற் கற்பியாமையின் மாணாக்கர் மேல்தளத்துத் துளைவழி மறைந்து கண்டு ஓரளவு கற்றார் என்றும், முதுமையில் தம் ஈமச்செலவிற்குக் கவன்ற ஆசானுக்கு வெள்ளிக்கலங்களை ஈந்து அவர் உள்ளம் நெகிழ முழுதும் பெற்றார் என்றும் உரைக்கும். இதனைக் கனவுச் செய்தியோடு ஒருங்கு எண்ணுதல் பொருந்தாது. அது தெய்வக்கதை, இது மாந்தர் வாழ்க்கை. மேலும், உயிர்போக்கும் இடம், மயக்கும் இடம், ஊமையாக்கும் இடம் என உடலில் இடங்குறித்துத் தாக்கும் முறையையும் அக்குறிப்புச் சுட்டுகின்றது. வர்மத்தோடு இஃது ஒத்திருப்பது வியப்பிற்குரியதே. எனினும் ஒப்புமை ஒன்றே கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனத் துணிதல் ஆகாது.

ஹுவாங் சோங்சியின் மகன் ஹுவாங் பைசியா, வாங் செங்நானின் மாணாக்கர். வஞ்சநெஞ்சினர், பூசல் விரும்புவோர், குடிவெறியர், எளிதில் வெளிக்காட்டுவோர், மெல்லெலும்பும் மந்த இயல்பும் உடையோர் ஆகிய ஐவர்க்கும் கற்பித்தலாகாது என்னும் ஆசான் நெறியை அவர் எழுதிவைத்தார். தாம் கல்வியில் ஈடுபட்டுக் கலையைக் கைவிட்டமையால் அது தம்மோடு அழியுமே என வருந்தியே அவர் அந்நூலை எழுதினார்.

பிற்காலத்துத் தாய்ச்சி மரபினரும் சாங் சான்பெங்கையே முதல்வராகக் கொண்டனர். தாங் ஹாவ் என்னும் ஆய்வாளர் 1930-ஆம் ஆண்டையொட்டி இக்கதைகளை ஆய்ந்து மறுத்தார். அவர் சென் குடியினர் ஊருக்கே சென்று, அக்கலையின் தொடக்கத்தை 17-ஆம் நூற்றாண்டின் சென் வாங்திங் என்பாரிடம் கண்டார். அவ்வூரின் சென் சாங்சிங்கிடம் (1771–1853) கற்ற யாங் லூசான் (1799–1872) அதனைப் பெய்சிங் நகருக்குக் கொண்டு சென்றார். முனிவரை நீக்கியதால் மரபு சிறுமையுறவில்லை. பெயரும் ஊரும் உடைய மாந்தர் வெளிப்பட்டனர்.

4. போதிதருமர் செய்தி

காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் ஷாவ்லினில் போர்க்கலை கற்பித்தார் என்னும் கருத்து நம்மவரிடையே பரவியுள்ளது. 2011-இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதனை மேலும் பரப்பிற்று. அவரைப் பற்றிய முற்பட்ட சீனக் குறிப்புகள் அவரைத் தியான ஆசிரியராகவே காட்டுகின்றன. அவர் பெயரால் வழங்கும் 'தசைநார் மாற்று நூல்' 17-ஆம் நூற்றாண்டினது. தமிழ்ப் போர்க்கலையின் பெருமைக்கு இச்செய்தி வேண்டுவதன்று.

5. பாளையங்களும் ஆசான்மாரும்

நம் நாட்டில் ஆசான் பெயர்கள் மறைந்தமைக்கு அரசியற் காரணமும் உண்டு. பாளையங்கள் படை தந்து நிலம் ஆண்டவை. 1783-இல் கர்னல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியை அடுத்துச் சிவகிரிமீதும் படை நடத்தினார். அவர் எழுதியவை படையெடுப்பையும் பாளையக்காரரையும் பற்றியன. படை பயிற்றிய ஆசானைப் பற்றியன அல்ல. 1801 திசம்பரில் ஆளுநர் கிளைவு வெளியிட்ட அறிக்கை படைக்கலம் தாங்குதலைத் தடுத்தது. 1803-இல் சிவகிரி முதலியன நிலையான தீர்வைக்கு உட்பட்ட சமீன்களாயின. படைத்தொழில் ஒழியவே, அதனைக் கற்பித்தோர்க்கு அரண்மனைச் சார்பு குன்றிற்று. சிலம்பம் ஊர்விளையாட்டாகவும், வர்மம் எலும்பு முறிவு மருத்துவமாகவும் நிலைபெற்றன என்று கருதலாம்.

மாணாக்கரே ஆசானின் பெயரைப் பதிவு செய்த ஒரு சான்று தமிழகத்து வரலாற்றில் உண்டு. 1795-இல் வேல் எறிதலையும் வளரி வீசுதலையும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என, சேம்சு வெல்சு தாம் 1830-இல் வெளியிட்ட நூலில் நன்றியோடு குறித்தார். அவ்வெல்சு 1801-இல் மருது பாண்டியரை எதிர்த்த படையில் இருந்தவர். அவ்வாண்டு அக்டோபர் 24-இல் சின்ன மருது திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். பகைவர் படையினன் செய்த இப்பதிவே ஆசான் ஒருவர்க்கு எழுத்துச் சான்றாய் நிற்கின்றது.

6. முடிவுரை

ஆசான் மரபை முனிவரிலிருந்து கீழ்நோக்கி எண்ணுதல் வழிபாட்டு முறை. அறியப்பட்ட இறுதி ஆசானிலிருந்து மேல்நோக்கி எண்ணுதல் வரலாற்று முறை. முன்னதில் நடுவில் நின்றோர் மறைவர். பின்னதில் அவரே முதன்மை பெறுவர். ஏடுகளின் இறுதியில் காணும் எழுதினோர் பெயர், ஆண்டு, ஊர்க் குறிப்புகளும், ஆசான் குடும்பத்தார் நினைவில் உள்ள மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களும் இவ்வாய்வுக்கு முதற்கருவிகள். ஏடு செல்லரிக்கும், நினைவு முதியோரோடு மறையும். சிவகிரி தொடங்கிக் குமரி வரை உள்ள ஊர்களில் இவற்றைத் தொகுக்கும் பணியை இளம் ஆய்வாளர் மேற்கொள்ளல் வேண்டும். அகத்தியர் பெயர் நிலைத்துவிட்டது. நிலைபெற வேண்டுவன அவர் பெயருக்குப் பின்னே நின்று கற்பித்தோர் பெயர்களே.