மலையேறிய ஆர்மோனியம்

தமிழ்நாட்டின் சுயாதீன இசைக்குழுக்களைப் பற்றி யாராவது ஒரு வரலாறு எழுதினால், வழக்கமாகச் சென்னையில் ஏதோ ஒரு கல்லூரி வளாகத்தில்தான் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் அதைப் போடிமெட்டு ஏற்றத்தில் தொடங்கச் சொல்வேன். ஆண்டு 1958. தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்.

தேர்தலின் பின்னணி கொஞ்சம் தெரிந்தால்தான் பாட்டின் கனம் புரியும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். அடுத்த ஏப்ரலில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தது 60தான். 5 சுயேச்சைகளின் ஆதரவில் ஆட்சி நின்றது. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் அங்கே மறுபடியும் ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். ஒரு இடம் போனாலும் ஆட்சி ஆட்டம் காணும் நிலைமை.

அந்தத் தொகுதியில் மேடைப் பேச்சால் மட்டும் ஓட்டு வாங்க முடியாது. நாள் முழுக்க மலைச்சரிவில் நின்றுவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவர்களை மறுபடி ஒரு மைதானத்துக்கு வரவைக்க வேண்டும். பேச்சு மலையாளத்தில் இருந்தால் பாதிக்கு மேல் புரியாது. கட்சி ஒரு பாட்டுக்காரரை அழைத்தது. போடியிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே போனால் மலையடிவாரத்தில் வருகிற பண்ணைப்புரத்துக்காரர், பாவலர் வரதராஜன். கூடவே தம்பியையும் அழைத்துக்கொண்டு போனார். பதினாலு, பதினஞ்சு வயதுப் பையன், ராசய்யா. பிறகு உலகம் அவரை இளையராஜா என்று அழைத்தது.

ரோசம்மா ஜெயித்தார். பாவலரின் பாட்டுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று பழைய தோழர்கள் சொல்வதை எங்கள் பக்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நான்.

இதை ஏன் ஒரு பேண்டின் கதையாகச் சொல்கிறேன்? யோசித்துப் பாருங்கள். சொந்தமாக எழுதிய வரிகள். ஒரு ஆர்மோனியம், தோல்வாத்தியம், பிறகு சேர்ந்துகொண்ட கிடார். வரதராஜன், பாஸ்கர், ராசய்யா, அமர் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். ராத்திரி முழுக்கப் பயணம், கிடைத்த இடத்தில் சாப்பாடு, மறுநாள் வேறு ஊர். பையனின் குரல் உடையும்வரை பெண் குரல் பாட்டுகளை அவரே பாடினார்; உடைந்த பிறகு ஆர்மோனியத்தின் பக்கம் நகர்ந்தார். வேனில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற எந்த ராக் பேண்டுக்கும் இந்த வாழ்க்கை அந்நியம் இல்லை.

பாவலரிடம் ஒரு உத்தி இருந்தது. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் தன் வரிகளை உட்கார வைப்பார். அதில் சினிமா மெட்டும் உண்டு, கிராமத்து மெட்டும் உண்டு. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, தெற்கு மாவட்டங்கள் இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்டன. அதனால் மெட்டு காதில் ஏற்கெனவே குடியிருந்தது. புதுசாகக் கேட்க வேண்டியது வார்த்தையை மட்டும்தான். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு, பல ஊர்களில் மேடை இறங்கியும் உயிரோடு இருந்தது. கேட்டவர் வீட்டுக்குப் போகிற வழியிலேயே முணுமுணுக்கலாம், ஏனென்றால் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இப்போது பம்பாய்க்குப் போவோம். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1970இலும் 71இலும், சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி 'சிம்லா பீட்' என்று ஒரு போட்டி நடத்தியது. ஷில்லாங், கல்கத்தா, மெட்ராஸ் என்று பல ஊர்களிலிருந்து கிடாரும் டிரம்ஸுமாகப் பையன்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த பாட்டுகள் இரண்டு இசைத்தட்டுகளாக வெளிவந்தன. வாசிப்பு அசத்தல், அந்த வயதில் அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு அப்படி வாசித்திருப்பதை இன்றைக்குக் கேட்டாலும் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அந்தத் தட்டுகளைப் பல வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து மறுபதிப்புப் போட்டவர்கள் மேற்கத்தியச் சேகரிப்பாளர்கள். சொந்த ஊரில் அந்தப் பாட்டுகளுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைக்கவில்லை. சிகரெட் கம்பெனி மேடையைக் கழற்றியதும் கூட்டமும் கலைந்துவிட்டது.

போட்டி மேடையின் குணமே அதுதான். ஐஐடி மெட்ராஸின் மார்டி கிரா, பிறகு அதுவே சாரங் ஆனபோது வந்த டிசிபெல்ஸ் போட்டி, பம்பாயில் 1986இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் எல்லாமே ஒரு தலைமுறைக்குக் கை பழக்கிக் கொடுத்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானும் அந்தத் தலைமுறையின் கடைசி வரிசை. பொறியியல் படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர். வாடகை டிரம்ஸ், கடன் வாங்கிய பேஸ் கிடார். கல்லூரி கல்லூரியாகக் கல்ச்சுரல்ஸுக்குப் போவோம். முன்வரிசையில் கைகட்டி நிற்பவர்கள் எல்லாம் அடுத்து வாசிக்கப் போகிற பேண்டுக்காரர்கள். அவர்கள் கேட்பது பாட்டை இல்லை, கிடார்காரன் எங்கே சறுக்குவான் என்பதை. நாங்களும் அவர்களை அப்படித்தான் கேட்டோம்.

கடைசி வருஷம் தமிழில் இரண்டு பாட்டு எழுதிப் பதிவு செய்தோம். லீவில் போடிக்கு வந்தபோது, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் அண்ணன் ஒருவரிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். விடிவதற்கு முன்னாலேயே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் கிளம்புகிற அந்த ஜீப்புகள்தான் எங்கள் ஊரின் உண்மையான வானொலி. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற அக்காமாரும் சித்திமாரும் வளைவுக்கு வளைவு பாட்டுக் கேட்டுக்கொண்டு இடுக்கிப் பக்கம் காய் எடுக்கப் போவார்கள். இரண்டு நாள் கழித்து அண்ணன் சொன்னார்:

"நல்லாருக்கு தம்பி. எந்தப் படம்னு கேக்குறாங்க."

"படம் இல்லண்ணே, நாங்களே போட்டது."

"அப்படியா" என்றவர், கொஞ்சம் யோசித்து, "சரி, எப்ப வரும்?" என்றார்.

எந்தப் படம் என்ற அந்தக் கேள்விதான் தமிழில் ஒவ்வொரு சுயாதீனக் குழுவும் முட்டிக்கொள்கிற சுவர். இங்கே பாட்டுக்கு ஒரு முகவரி வேண்டும். கோயில், கட்சி, சினிமா, இந்த மூன்றில் ஒன்று. ராக் இசைக்கு இங்கே காது இல்லை என்று சொல்வது சும்மா. ராஜாவின் பாட்டுக்குள் எலெக்ட்ரிக் கிடாரும் பேஸும் டிரம்ஸும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டன. அதே ஜீப்புகள் அவற்றைக் கேட்டுக்கொண்டுதான் மலையேறின. காது தயார். வந்த பாட்டு யாருடையது, எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் பிரச்சினை.

பாவலர் அந்த முகவரியைக் கட்சியிடம் வாங்கினார். அதற்கு ஒரு விலை இருந்தது. மேடை கட்சியுடையது, கூட்டம் கட்சியுடையது. ஓட்டு எண்ணி முடிந்ததும் பாட்டுக்காரர் மறுபடி பண்ணைப்புரத்துக்காரர். பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பாடிய பின்னும் தம்பிகளுக்கு அதில் பிழைப்பு இல்லை. 1960களின் இறுதியில் அவர்கள் மெட்ராஸுக்குக் கிளம்பினார்கள். வீட்டு வானொலிப் பெட்டியை விற்று அம்மா சின்னத்தாய் 400 ரூபாய் கொடுத்தார் என்று இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். மெட்ராஸிலும் 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில்தான் மேடையேறினார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. பிறகு தம்பிகள் தொடங்கிய படக் கம்பெனிக்குப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் தம்பிகளின் குழுவுக்குக் கடைசியில் கிடைத்த முகவரியும் சினிமாதான்.

அப்படியென்றால் வேறு வழியே இல்லையா? இரண்டு குழுக்களைப் பார்த்தால் இருக்கிறது என்று தோன்றுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் 'அவியல்'. 2008இல் வந்த ஆல்பத்தில் அவர்கள் மலையாள நாட்டுப்புறச் சொல்லைக் கனத்த கிடாரோடு இணைத்தபோது, ஆங்கில ராக் கேட்டே பழகாத பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்கள். இந்தப் பக்கம் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. ரஞ்சித்தின் நீலமும் டென்மாவும் சேர்த்த 19 பேர் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தார்கள். கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். அங்கே யாருக்கும் எந்தப் படம் என்று கேட்கத் தோன்றியிருக்காது. பாட்டின் முகவரி கேட்டவர்களின் தெருவாகவே இருந்தது. இந்த இடத்தில் அவர்கள் பாவலருக்கு நெருங்கிய சொந்தம்: கேட்பவரின் மொழி, கேட்பவரின் வழக்கு, கேட்பவரின் கோபம். கூடுதலாக, குழுவின் பெயரையும் பதிவையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பாவலர் காலத்தில் ஒரு கிராமத்துக் குழுவுக்கு அது எட்டாத வசதி.

1928இல் போடிக்கு ரயில் வந்தபோது, மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து இழுவைக் கம்பியில் கொட்டகுடிக்கு இறங்கி, போடியில் வண்டியேறிச் சந்தைக்குப் போனது. மலையிலிருந்து இறங்குகிற பொருளுக்கு வழி போட எப்போதும் ஆள் இருந்திருக்கிறது. மேலே இருக்கிறவர்களுக்காக எதையாவது சுமந்து ஏறியவர்கள் குறைவு. பாவலர் ஏறினார், ஒரு தேர்தலுக்காகவேனும்.

இப்போது போடியிலேயே ஒரு அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் விடுதியில் கட்டாயம் நாலு பேர் கிடாரோடு உட்கார்ந்து, பாட்டை ஏற்றிவிட்டு எத்தனை பேர் கேட்டார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். தோட்டத்தில் சம்பளம் போடுகிற நாள் எது, அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்புகள் எத்தனை மணிக்கு இறங்கும், இறங்குகிறவர்கள் டீ குடிக்க எங்கே நிற்பார்கள் என்று விசாரித்துவிட்டீர்களா, தம்பிகளா?